புதுப்பிப்பு: அம்மாவுடன் சிவிதா போய் வந்தோம்

முழங்கால் வலி உள்ள அம்மாவை ரோமிலிருந்து ஒரே நாளில், இத்தாலியில் குன்றின் மேல் இருக்கும் பழைய ஊரான சிவிதா தி பாஞ்ஞோரேஜோவுக்குக் கூட்டிப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

ஓர்வியேத்தோ வரை ரயில், அங்கிருந்து சிவிதாவுக்குப் பக்கத்து ஊரான பாஞ்ஞோரேஜோவுக்குப் பஸ். இதுவரை சிரமமே இல்லை. சோதனை சிவிதாவுக்குப் போகும் நடைபாலம்தான். 1965இல் கட்டியது, சுமார் 300 மீட்டர். ஊருக்குள் போக வேறு வழியில்லை, கார் போகாது. கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். அம்மா நான்கு இடத்தில் நின்றார். "பழனி படியை விடவா?" என்று அவரே கேட்டுக்கொண்டு ஏறிவிட்டார்!

சிவிதாவை ஏன் 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று சொல்கிறார்கள் என்பது பாலத்திலிருந்து பார்த்தாலே புரிகிறது. மேலே எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் பாறை, அடியில் களிமண். மழை களிமண்ணை அரிக்க, மேலே இருக்கும் பாறை ஓரம் ஓரமாக உடைந்து விழுகிறது. 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு கத்தோலிக்க ஆயரும் மக்களில் பலரும் பாஞ்ஞோரேஜோவுக்கு இடம் மாறினார்கள். 13ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் புனித பொனவெந்தூரா இங்கே பிறந்த வீடும் இடிந்து சரிந்து போயிற்று.

இப்போது நிரந்தரமாக வசிப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2013இலிருந்து நுழைவுக் கட்டணம் உண்டு. ஊருக்குள் நுழைய டிக்கெட்டா என்று முதலில் எரிச்சல் வந்தது, மண்ணரிப்பைப் பார்த்த பிறகு, ஊரைக் காப்பாற்றக் காசு வேண்டுமே என்று தோன்றி அது போய்விட்டது.

அப்புறம், திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு, வெயிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.