சொல் உதவி: அறுத்த ஆட்டில் கரண்ட் விடுவதற்கு என்ன பெயர்?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோண்டாவில்

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரு கையேட்டை ஒப்படைக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற நம்முடைய ஆட்களுக்கான பாதுகாப்புக் கையேடு. கத்தி, கொக்கி, குளிர் அறை எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. ஓர் அதிகாரத்தில்தான் நிற்கிறேன்.

ஆட்டையோ மாட்டையோ அறுத்து இரத்தம் வடிந்த பிறகு, தொங்குகிற உடலில் கொஞ்ச நேரம் மின்சாரம் விடுகிறார்கள். தசை விட்டு விட்டுச் சுருங்கும். அதில் தசைக்குள் மிச்சமிருக்கிற சக்தி கெதியாகச் செலவழிந்து, அமிலத்தன்மை ஏறி, விறைப்பு முந்தி வந்துவிடும். இது நடக்காமல் சூடு ஆறாத உடலை நேரே குளிரில் தள்ளினால் தசை சுருண்டு இறைச்சி தோல் மாதிரி ஆகிவிடுமாம். உடல் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகும் முன்னர் பீ.எச். (அமிலம் ஏற ஏற இறங்குகிற அளவு) 6க்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

நான் “மின்தூண்டல்” என்று போட்டு வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. அறுக்கும் முன்னர் தலையில் மின்சாரம் கொடுத்து மயக்குவது இதே கையேட்டில் வேறு அதிகாரம். அறுத்தவுடன் உதைக்காமல் இருக்க உடலை அசையாமல் பிடித்துவைக்கும் மின்சாரம் இன்னொரு அதிகாரம். மூன்றும் மின்சாரம்தான். கருவி வேறு, நோக்கம் வேறு, ஆபத்தும் வேறு. படிக்கிறவர் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடக் கூடாது. உதவுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

பிள்ளைக்கு,

தூண்டல் நல்ல சொல். ஆனால் எழுதியது பிழை. நிலைமொழி ஈற்றில் னகரம் நின்று வருமொழி தகரத்தில் தொடங்கினால் தகரம் றகரமாகும். பொன் + தீது பொன்றீது ஆவதுபோல இது “மின்றூண்டல்”. கையேடு நாலு பேர் கையில் போகும். பிழையோடு போகக் கூடாது.

தூண்டு என்பது முதலில் விளக்கின் சொல். திரி மங்கும்போது ஒரு கோலால் அதை முன்னே தள்ளிவிடுவதுதான் தூண்டுதல். அந்தக் கோல் தூண்டுகோல். தள்ள வேண்டாத விளக்கு தூண்டாமணி விளக்கு. நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் பார்த்திருப்பீர்கள். அப்பர் திருமறைக்காட்டில் “தூண்டு சுடரனைய சோதி கண்டாய்” என்று பாடினார். அணையப்போகிற சுடரைத் தள்ளி எரியவைப்பது. தசைக்குள் மிஞ்சிய சக்தியை எரித்து முடிப்பது என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு இந்தத் திரிதான் நினைவுக்கு வந்தது. இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

அனுப்பியவர்: பட்டதாரி மாணவர், மதுரை

ஐயாவுக்கு வணக்கம். புணர்ச்சி விதி என்று வந்தால் ‘மின்’ என்ற சொல்லுக்குத் தனி விதியே இருக்கிறதே. “மின்னும் பின்னும் பன்னும் கன்னும் அந்நாற் சொல்லும் தொழிற்பெயர் இயல” என்பது தொல்காப்பியம். அதாவது இடையில் உகரம் சேரும்; மின்னுக்கடிது என்றுதான் எடுத்துக்காட்டும் கொடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் மின்றூண்டலும் தவறு. “மின்னுத்தூண்டல்” என்றே வரவேண்டும்.

ஆனால் அந்த ‘மின்’ மின்னல். இன்று நாம் சொல்லும் ‘மின்’, மின்சாரத்தைக் குறிக்க வந்த முன்னொட்டு. மின்கம்பியை யாரும் மின்னுக்கம்பி என்பதில்லை. புதுச் சொல்லில் இரண்டு உறுப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்தூண்டல் என்று பிரித்தே எழுதுவோம்.

அனுப்பியவர்: பௌதிகவியல் ஆசிரியை, யாழ்ப்பாணம்

புணர்ச்சியை விடுங்கள். சொல்லே ஏற்கெனவே இரண்டு வீட்டில் குடியிருக்கிறது. சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கிறேன்: காந்தத்தைச் சுருளுக்குள் அசைத்தால் மின் பிறப்பது. பக்கத்து வகுப்பில் உயிரியல் ரீச்சர் தூண்டல், தூண்டற்பேறு என்று படிப்பிக்கிறார்: ஊசி குத்தினால் கை பின்வாங்குவது. “மின்தூண்டல்” என்றால் என் மாணவன் சுருளையும் மின்மாற்றியையும்தான் நினைப்பான். பொருள் உயிரியலுடையது, முன்னால் நிற்கிற ‘மின்’ அதைப் பௌதிகத்துக்கு இழுத்துவிடுகிறது.

கையேட்டில் சேர்க்க ஒரு செய்தியும் தருகிறேன். மின்சாரத்தால் கொன்ற வான்கோழியின் இறைச்சி மிருதுவாக இருப்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்கிளின் கவனித்து எழுதினார். அவரே 1750 டிசம்பரில் இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகளில் மின்னேற்றி ஒரு வான்கோழியைக் கொல்லப் போய், முழு அடியையும் தன் கைவழியே வாங்கிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பேச்சுக் கொடுத்ததில் கவனம் சிதறியதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கருவி ஓடும்போது பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை.

அனுப்பியவர்: இறைச்சித் தொழிற்சாலைப் பணியாளர், அவுஸ்திரேலியா (ஊர் வேலணை)

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ் அறிஞன் இல்லை. ஆறு வருடமாக அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குள் அதைக் “கரண்ட் விடுற இடம்” என்றுதான் சொல்வோம். ஆடு சங்கிலியில் தொங்கிக்கொண்டு ஒரு கூண்டுக்குள் போகும். உள்ளே நீளமான உலோகக் கம்பி, அதில் உடல் உரசிக்கொண்டு போகும். எங்களுடையது அதிக வோல்ற் முறை. 1000 வோல்ற் அளவு. ஊரில் வீட்டுக்கு வருவது 230. அது எத்தனை மடங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டுக் கதவைத் திறந்தால் கரண்ட் தானாக நிற்கும். மேலே விளக்கு எரிந்தால் உள்ளே கை, கத்தி, தண்ணீர்க் குழாய் எதுவும் போகக் கூடாது. கழுவுவதற்கு முன்னர் மெயின் சுவிட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, கழுவுகிறவரே திறப்பைச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். அடுத்தவரிடம் திறப்பைக் கொடுப்பது பெரிய குற்றம்.

இன்னும் சில இடங்களில் குறைந்த வோல்ற் முறை இருக்கிறது. அதில் நரம்பு வழியாகத்தான் தசை வேலை செய்யும். அதனால் அறுத்துச் சில நிமிடங்களுக்குள் விட்டுவிட வேண்டும். ஆபத்துக் குறைவு என்று அங்கே கூண்டு பெரிதாக இராது. ஆனால் ஈரத் தரையில் நின்று பிடித்தால் அதுவும் அடிக்கும். மாட்டின் கால் வந்து மோதினால் பல்லும் போகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. போன வருடம் புதிதாக வந்த ஒரு தம்பி, நம்முடைய ஊர்ப் பக்கம்தான், கூண்டுக்குள் ஆடு உதைப்பதைப் பார்த்துவிட்டு, ஐயோ உயிர் இருக்கிறது என்று கதவை இழுத்துத் திறந்து கையை நீட்டினான். கதவு திறந்ததால் கரண்ட் நின்றது, தப்பினான். அன்று முழுக்க அழுதான். அவனுக்கு யாரும் முதலிலேயே சொல்லவில்லை: ஆடு செத்துவிட்டது, கால் ஆடுவது கரண்டால். நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அந்தத் தம்பி கையை நீட்டாதபடி வையுங்கள்.

அனுப்பியவர்: மின் பொறியியலாளர், காரைநகர்

தம்பியின் மடலைப் படித்த பிறகு எனக்குத் தூண்டலில் நம்பிக்கை போய்விட்டது. தூண்டல் கண்ணுக்கு எதையும் காட்டவில்லை. நான் தருவது “மின்துடிப்பூட்டல்”, கருவி “மின்துடிப்பூட்டி”.

இந்தக் கருவி விடுவது வீட்டு மின்சாரம் மாதிரி ஒரே ஓட்டம் இல்லை, விட்டு விட்டு வருகிற துடிப்பு. உறைந்த ஆட்டிறைச்சி ஏற்றுமதிக்காக நியூசிலாந்தில் 1970களில் வளர்த்தெடுத்த முறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 14 துடிப்பு. அந்தத் துடிப்புக்கு ஏற்பத்தான் தசை இழுபடும். எங்கள் துறையில் பல்சுக்குத் துடிப்பு என்ற சொல் ஏற்கெனவே உண்டு. ஆக மின்னிலும் துடிப்பு, தசையிலும் துடிப்பு, ஒரு சொல்லில் இரண்டும் அடங்கும்.

துடி என்பது பாலை நிலத்துப் பறை. இடை சிறுத்த உடுக்கை. ஒரே சீராக அடித்துக்கொண்டே போவது. உடுக்கு அடிக்க அடிக்க ஆடுகிறவர் உடம்பு அதிர்வதைக் கோயிலில் பார்த்தவர்களுக்கு இந்தக் கருவி என்ன செய்கிறது என்று விளக்கவே தேவையில்லை. பறையின் பெயரிலிருந்து துடித்தல் வந்ததா, துடிக்கிற ஒலியிலிருந்து பறைக்குப் பெயர் வந்ததா என்பதில் எனக்கு நீண்ட நாள் ஒரு எண்ணம் இருக்கிறது, தனி மடலாக எழுதுகிறேன்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

பொறியியலாளருக்கு,

துடி அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பாசையூரில் மீன் வாங்கப் போகிறவர் “துடிக்கத் துடிக்க இருக்குது” என்றால் என்ன பொருள்? உயிர் இன்னும் போகவில்லை என்று பொருள். இதயம் துடிக்கும், புழு துடிக்கும், பிள்ளையைப் பிரிந்த தாய் துடிப்பாள். நோவும் உயிரும் இல்லாத இடத்தில் தமிழன் துடிப்பு என்ற சொல்லைப் போடமாட்டான். வேலணைத் தம்பி சொன்ன பிள்ளை கை நீட்டியதே துடிக்கிறது என்று நினைத்துத்தான். அதையே பெயராக வைக்கச் சொல்கிறீர்களா?

மின்றூண்டலை நான் விட்டுவிடுகிறேன். மின்தூண்டல் என்றே எழுதுங்கள். மதுரைத் தம்பி காட்டிய சூத்திரத்துக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கிழமை வேண்டும்.

அனுப்பியவர்: மிருக வைத்தியர், சுன்னாகம்

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் உண்டு. பங்கு இறைச்சி போடுகிற இடத்தில் நின்றிருப்பீர்கள். உரித்துத் தொங்கவிட்ட ஆட்டின் தொடைச் சதை தானாக அசையும். அறுக்கிறவர் அதைச் “சதை துள்ளுது” என்பார். உயிர் துள்ளுகிறது என்று சொல்லமாட்டார். சதை என்ற சொல்தான் அங்கே குழப்பத்தை நீக்குகிறது. ஆகவே ‘தசை’ பெயருக்குள் வந்தே ஆகவேண்டும்: “தசை மின்தூண்டல்”. ரீச்சரின் சுருளும் மின்மாற்றியும் இதில் நுழைய முடியாது. இயன்மருத்துவத்தில் வாதம் வந்த காலுக்குச் செய்வதும் இதே பெயரில் போகலாம் என்பது உண்மை. செயல் ஒன்றுதான், ஆள்தான் வேறு.

எச்சரிக்கைப் பலகையில் மட்டும் கலைச்சொல் வேண்டாம். அங்கே “கரண்ட்” என்றே எழுதுங்கள். மின்சாரம் என்று நிறுத்தி வாசித்து முடிப்பதற்குள் கை உள்ளே போய்விடும்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

பலகையில் கரண்டா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மின்சாரம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பெரிய எழுத்தில் கரண்ட் என்று எழுதி மாட்டுவதா?

அனுப்பியவர்: மின் பொறியியலாளர், காரைநகர்

ஐயா, 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் படிப்பித்தார். அந்த மண்ணில் இருந்துதான் பேசுகிறோம். இரசாயன நூலுக்கு அவர் வைத்த பெயர் கெமிஸ்தம். அந்தச் சொல் நிலைக்கவில்லை, ஆனால் மாணவன் அன்று படித்துத் தேறினான். பலகை தேர்வுத் தாள் இல்லை.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், கோண்டாவில்

எல்லோருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. ஏழு பேர் எழுதியதில் நாலு பேர் தசை மின்தூண்டலை ஏற்றிருக்கிறீர்கள், அதிலும் இரண்டு பேர் வேறு வழியில்லாமல். அதிகாரத் தலைப்பு “தசை மின்தூண்டல்”, கருவி “தசை மின்தூண்டி”. மயக்குவதற்கு “மின்மயக்கல்”, அசையாமல் வைப்பதற்கு “மின்வழி அசைவறுத்தல்”. அதிகாரத்தின் முதல் வரி: “விலங்கு இறந்துவிட்டது. கால் அசைவது மின்சாரத்தால். தொடாதீர்கள்.” இந்த வரியைப் பெட்டி கட்டிப் பெரிதாகப் போடுகிறேன்.

பலகையில் ஐயா கோபிக்கக் கூடாது: “கரண்ட் ஓடுகிறது. கை நீட்டாதே.” கீழே சின்ன எழுத்தில் மின்சாரமும் வரும். வேலணை அண்ணை படித்துவிட்டுச் சரி என்றார்.

அனுப்பியவர்: மின் பொறியியலாளர், காரைநகர்

தங்கச்சி, அனுப்புங்கள், நேரமாகிவிட்டது. என் வாக்கு இன்னும் துடிப்பூட்டலுக்கே. சொல் அட்டவணையில் அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். துடி பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.