தீர்ப்பை நாமே தேடிப் படித்த அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த் உறுப்பினர்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், பள்ளிக்கு மூக்குத்தி அணிந்து போன ஒரு மாணவிக்காக நடந்த "மூக்குத்தி கேஸ்" பற்றி நம் வீடுகளில் பேசாதவர் இல்லை. முழுத் தீர்ப்பையும் படித்தவரை நான் பார்த்ததில்லை. என் தங்கை மகளைப் பள்ளியில் மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். கோர்ட்டே அனுமதித்துவிட்டது என்று பெரியம்மா சொன்னார். அதெல்லாம் அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும்தான் என்று சித்தப்பா சொன்னார். சரி, மூலத்தையே பார்த்துவிடுவோம் என்று டர்பனில் ஒரு பல்கலைக்கழகச் சட்ட நூலகத்துக்குப் போனேன். வெளியாட்கள் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். மற்றபடி நீ வக்கீலா என்று யாரும் கேட்கவில்லை.

நூலகர் முதலில் கேட்டது சைட்டேஷன், அதாவது தீர்ப்பு எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் குறிப்பு. எனக்குத் தெரிந்ததோ, குவாசுலு நேட்டால் மாகாணக் கல்வி அமைச்சருக்கும் பிள்ளை என்பவருக்கும் நடந்த வழக்கு என்பது மட்டும். அது போதும் என்றவர், அட்டவணையைப் பார்த்து ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தார்: 2008 (1) எஸ்.ஏ. 474 (சி.சி.). 2008ஆம் வருடம், முதல் தொகுதி, சவுத் ஆப்பிரிக்கன் லா ரிப்போர்ட்ஸ், 474ஆம் பக்கம், அரசியலமைப்பு நீதிமன்றம். இப்படிப் படிக்கத் தெரிந்துவிட்டால் அந்த நீண்ட அலமாரி வரிசையில் எந்தத் தீர்ப்பையும் எடுத்துவிடலாம்.

தீர்ப்பின் தொடக்கத்திலேயே அந்த மாணவியின் தாய் பள்ளிக்கு எழுதிய கடிதத்தின் சாரம் வருகிறது. தாங்கள் தென்னிந்தியக் குடும்பம், பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவது குடும்ப வழக்கம், பதினாறு வயது நிறைந்ததும் பாட்டி அந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டுவிடுவார் என்று எழுதியிருக்கிறார். நாட்டின் உச்ச நீதிபதிகள் நம் பாட்டிமார் செய்கிற காரியத்தை இவ்வளவு கவனமாகப் பதிவு செய்திருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டர்பனில், பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. மேல்முறையீட்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2007 அக்டோபர் 5 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது அந்தப் பெண் பள்ளியை விட்டே போய்விட்டாள். அப்படியும் விஷயம் முக்கியம் என்று விசாரித்தார்கள். மதமோ பண்பாடோ கட்டாயப்படுத்தாமல் ஒருவர் மனமுவந்து பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றார் தலைமை நீதிபதி லங்கா. சித்தப்பாவுக்குப் பதில் உத்தரவிலேயே இருக்கிறது: மத, பண்பாட்டுக் காரணங்களுக்கு விலக்குக் கேட்கும் வழிமுறையைப் பள்ளி தன் விதிகளில் சேர்க்க வேண்டும். பெரியம்மாவுக்கும் பதில் உண்டு: எல்லாப் பள்ளியிலும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொல்லவில்லை, முறையாக விலக்குக் கேட்கவேண்டும். நீதிபதி ஓ'ரீகன் ஓரளவு மாறுபட்டு எழுதியதையும் விடாமல் படியுங்கள். எதிர்த்தரப்பு என்ன பேசும் என்று அதில் தெரிந்துவிடும்.

தங்கை அந்தப் பத்திகளை நகலெடுத்து, கடிதத்தோடு இணைத்து விலக்குக் கேட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் உறுப்பினர்:

நல்ல காரியம் செய்தாய், தங்கச்சி. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். நீ பார்த்த அந்த எஸ்.ஏ. வரிசை 1947இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தீர்ப்புகள் மாகாண வாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் இருக்கும். நம் பக்கத்துக்கு நேட்டால் லா ரிப்போர்ட்ஸ். பழசெல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

கிறிஸ்தவ முறைப்படி நடக்காத இந்தியத் திருமணங்களைக் கேள்விக்குள்ளாக்கிய நீதிபதி செர்ல் என்பவரின் 1913 மார்ச் தீர்ப்பைக் கேப் மாகாணத் தொகுதியில் தேடிப் படித்தேன். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் நம் பெண்களும் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். தில்லையாடி வள்ளியம்மை இதே ஊர்ச் சிறையில் கிடந்து, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிர்விட்டாள். அவ்வளவு பெரிய போராட்டத்துக்கு ஒரு காரணமான தீர்ப்பு, அச்சில் சில பக்கங்கள்தான். கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தொகுதியில் இருப்பது நீதிபதி சொன்ன காரணங்கள். மனுக்கள், வாக்குமூலங்கள் வேண்டுமென்றால் ஆவணக் காப்பகத்தில் கேட்கவேண்டும். பழைய நேட்டால் உச்ச நீதிமன்றக் கோப்புகள் இங்கே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான் இருக்கின்றன. பெயரைத் தேடும்போது குமாஸ்தா எழுதியபடி தேடுங்கள். முதலியார் மூட்லியாகவும் கவுண்டர் கவெண்டராகவும்தான் பதிவாகியிருப்பார்கள்.

லெனேஷியா உறுப்பினர்:

அக்கா, ஐயா, ரெண்டு பேருக்கும் நன்றி. என் அனுபவம் இணையத்தில்தான். அப்பாவுக்கு அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் கிடைக்காமல் நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது, சூப்ரமணி வழக்கைப் பார் என்று ஒரு நர்ஸ் சொன்னார். எங்கள் ஊர் நூலகத்துக் கணினியில் சாஃப்லி தளத்தைத் திறந்து கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். 1995 முதல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகள் இருக்கின்றன. அங்கே பக்க எண் கிடையாது. வருடம், நீதிமன்றக் குறி, வரிசை எண். சூப்ரமணி வழக்கு 1997 இசட்.ஏ.சி.சி. 17. குறிப்பிட்ட இடத்தைச் சுட்டிக்காட்டப் பத்தி எண்ணைச் சொன்னால் போதும்.

டயாலிசிஸ் கேட்டு வழக்குப் போட்ட டர்பன்காரர் சூப்ரமணி தோற்றுப்போனார். திடீரென வரும் ஆபத்துக்குத் தருவதுதான் அவசர சிகிச்சை, நீண்டநாள் சிறுநீரகச் செயலிழப்பு அதில் சேராது, இருக்கிற வசதியை வைத்துத்தான் மருத்துவமனை முடிவெடுக்க முடியும் என்றது நீதிமன்றம். படிக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் மருத்துவமனை ஒரு நியாயமான விதிமுறை வைத்து, அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி நேர்மையாகப் பின்பற்றியதா என்று நீதிபதிகள் பார்த்தது புரிந்தது. அதனால் அப்பாவின் விஷயத்தில் அந்த விதிமுறையை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டோம். அதுவரை வாய்வார்த்தையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஃபைலை எடுத்தார்கள்.

அச்சுத் தொகுதியில் வரும் சுருக்கக் குறிப்பு இந்தத் தளத்தில் இருக்காது, முழுசாகத்தான் படிக்கவேண்டும். தீர்ப்பு பிற்பாடு மாற்றப்பட்டதா என்றும் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதை நூலகரிடம் கேளுங்கள்; பின்னால் வந்த எந்தெந்த வழக்குகளில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க அவர்களிடம் தனி அட்டவணை இருக்கும்.