சிறைக்கு வரும் போதை ஏற்றிய காகிதம்: பூசுதாளா, தோய்தாளா, ஊறுதாளா?

அனைவருக்கும் வணக்கம்.

சிறைக்காவலர் பயிற்சிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும். செயற்கைக் கன்னாபினாய்டு (கஞ்சாவின் போதையைப் போலச் செய்யும் ஆய்வகச் சேர்மம்) கரைசலைக் கடிதத்தாளில் ஏற்றி, உலர்ந்தபின் தபாலில் அனுப்புகிறார்கள். கண்ணுக்கு வெறும் தாள்தான், எக்ஸ்ரேயிலும் அப்படியே. 'போதைத்தாள்' என்றால் கஞ்சா சுருட்டும் தாள் என்று நினைத்துவிடுவார்கள். 'பூசுதாள்' சரிவருமா?

---

> 'பூசுதாள்' சரிவருமா?

வேண்டாம் ஐயா. பூச்சு மேலே நிற்பது. இதுவோ தாளின் இழைக்குள் இறங்கிவிடுகிறது. இறங்குவதும் சீராக இருப்பதில்லை. உலரும்போது ஈரம் வடிந்த பக்கம் சரக்கு சேர்ந்துவிடும். அதனால் ஒரே தாளில் கிழித்த இரு துண்டுகளின் வீரியம் பல மடங்கு வேறுபடலாம். நேற்று புகைத்த அளவுதானே என்று இன்று புகைப்பவருக்கு வலிப்பு வருவதும் இதயம் நிற்பதும் இதனால்தான். கையேட்டில் இந்தத் திட்டுக்கும் ஒரு பெயர் கட்டாயம் வேண்டும்: 'செறிதிட்டு'.

சோதனை முறையையும் இதை வைத்தே எழுதுங்கள். சுவாப் (துடைத்து மாதிரி எடுக்கும் துண்டு) கொண்டு தாளைத் தேய்த்து, அதைக் கண்டறியும் கருவியில் வைக்கிறோம்; போதை தெரிந்தால் அலாரம் அடிக்கும். தாளின் நடுவில் மட்டும் தேய்த்தால் தவறிவிடும். நான்கு விளிம்பு, மூலைகள், இரு பக்கமும், உறையின் மடிப்பு, தபால்தலை எல்லாம் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் புதுக் கையுறை. ஒருமுறை அலாரம் அடித்தால், எதையும் தேய்க்காத வெற்று சுவாப்பைக் கருவியில் வைத்து அலாரம் இல்லாமல் வரும்வரை அடுத்த கடிதத்தைத் தொடக்கூடாது. இல்லாவிட்டால் முந்தைய கடிதத்தின் எச்சம் அடுத்தவர் தலையில் விழும்.

சொல்லுக்கு என் வாக்கு: தோய்தாள்.

---

தோய்தாள் காதுக்கு இனிமைதான் அம்மா. ஆனால் இதே கரைசலைத் துணியிலும் ஏற்றி அனுப்புகிறார்கள். அதைத் 'தோய்துணி' என்றால் சலவைத்துணி ஆகிவிடும்! தாளுக்கும் துணிக்கும் ஒரே வேர் ஓட வேண்டும். ஊறுதாள், ஊறுதுணி எனலாம். ஊறிய, ஊறுகிற, ஊறும் என மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை, ஒற்றும் மிகாது. 'ஊறு' என்றால் தீங்கு. ஐம்புலன்களில் தொடு உணர்வுக்கும் அதுவே பெயர். தொட்டு, துடைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய பொருளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

---

> ஊறுதாள், ஊறுதுணி எனலாம்.

ஊறுகாய் நினைவுக்கு வராதா?

---

வரட்டும் ஐயா. காய்க்குள் உப்பு இறங்குவதுபோல்தான் இதுவும்.

இன்னொன்று. 'அலாரம் இல்லை' என்பதை 'போதை இல்லை' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அந்தக் கருவி, அதாவது அயனி நகர்திறன் கருவி, சுவாப்பைச் சூடாக்கி வரும் ஆவியை அயனியாக்கி, அயனிகள் நகரும் நேரத்தைத் தன் நூலகத்தோடு (தெரிந்த சேர்மங்களின் பதிவுத் தொகுப்பு) ஒப்பிடுகிறது. நூலகத்தில் இல்லாத புதுச் சேர்மம் வந்தால் கருவி பேசாமல் இருக்கும். மூலக்கூறில் சிறு மாற்றம் செய்த புது வகைகள் வந்துகொண்டே இருப்பதால் நூலகத்தை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அலாரம் அடித்தாலும் அது ஐயம் மட்டுமே. ஆய்வகத்தில் செய்யும் வாயு நிறவரைவி–நிறை நிறமாலைமானி (GC-MS) ஆய்வுதான் உறுதி செய்யும்.

ஸ்காட்லாந்துச் சிறைகள் 2021 டிசம்பர் முதல் பொதுக் கடிதங்களின் நகலைத்தான் கைதிக்குக் கொடுக்கின்றன. வழக்கறிஞர் கடிதத்துக்கு இதே வழி பொருந்தாது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. போலி வழக்கறிஞர் உறைகள் கிளம்புவதும் அந்த இடைவெளியில்தான். அனுப்பியவர் யாரென்று அலுவலகத்தை அழைத்து உறுதி செய்யும் படியைக் கையேட்டில் விடாமல் சேருங்கள்.

---

நன்றி. பட்டியலில் ஏற்றுகிறேன்:

ஊறுதாள்: போதைப்பொருள் கரைசல் இழைக்குள் இறங்கி உலர்ந்த தாள்.
ஊறுதுணி: அவ்வாறான துணி.
செறிதிட்டு: ஊறுதாளில் சரக்கு கூடுதலாகச் சேர்ந்த இடம்.