கைக்கடிகாரத்தைக் கட்டிவிடுவது யார்?

இளவேனில்:
பிறவியிலிருந்தே என் இடக்கை இயங்காது. ஸ்மார்ட் வாட்ச் வாங்கி இரண்டு ஆண்டுகளாகின்றன. அதன் திரையைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை, என் வழக்கு முழுவதும் அதன் வாரோடுதான். இடக்கையில் கட்டினால், மணிக்கட்டைத் திருப்பியதும் திரை ஒளிரும் வசதி எனக்கு இல்லாமற்போகிறது. வலக்கையில் கட்டினால், அதைத் தொடுவதற்கு இன்னொரு கை இல்லை. தொடுவது இருக்கட்டும், கட்டுவதற்கே இன்னொரு கை வேண்டும். காலையில் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி, வாரின் முனையைப் பல்லால் இழுத்து, கொக்கியின் ஊசி துளையில் விழும்வரை நான்கைந்து முறை முயல்கிறேன். இப்படிப்பட்ட கைகளையும் வடிவமைப்பின் முதல் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

செழியன்:
இத்தகைய கருவிகளின் வடிவமைப்பில் பணியாற்றுகிறவன் என்ற முறையில் மாறுபடுகிறேன். மணிக்கட்டில் அமரும் சிறு பெட்டிக்குள் மின்கலத்தையும் உணரிகளையும் அடைத்து, நீர் புகாதபடி மூடவும் வேண்டும். பெரிய பொத்தான் ஒன்றைச் சேர்த்தால் மின்கலம் சிறுத்துவிடும். எல்லார்க்கும் பொருந்தும் கருவி என்று தொடங்கி யாருக்கும் சரியாகப் பொருந்தாத கருவியில் முடிவதைவிட, தேவைக்கேற்பத் தனிக்கருவிகள் செய்வதே நேர்மையானது. மற்றவற்றை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆப்பிள் 2021இல் தன் கடிகாரத்துக்குக் கொண்டுவந்த அசிஸ்டிவ் டச் வசதி, விரல் நுனிகளைச் சேர்த்தாலோ கையை இறுக்கி மூடினாலோ, கையின் அசைவையும் திரும்பலையும் அளக்கும் முடுக்கமானி, சுழல்மானி, இவற்றோடு இதயத்துடிப்பு உணரி ஆகியவற்றின் வழியே அதை உணர்ந்து கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. திரையைத் தொடவே தேவையில்லை.

இளவேனில்:
கடிகாரம் இருக்கும் கையாலேயே கடிகாரத்தை இயக்கலாம் என்பது என் போன்றோருக்குச் சிறிய செய்தியன்று. ஆனால் அதற்கு முன் அது என் வலக்கையில் ஏறியிருக்க வேண்டுமே! இயங்கும் ஒரே கை தன் மேல் தானே கொக்கி மாட்டிக்கொள்ளப் பல்லைத் தவிர வேறு துணையில்லை. அந்த வசதியை உருவாக்கியவர்கள் எவ்வளவு உழைத்திருப்பார்கள். அத்தனை உழைப்பும் ஒரு கொக்கியின் முன் நின்றுவிடுகிறது.

அருள்நம்பி:
கழுத்துத் தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியில் இயங்குபவன் நான். எழுந்து நிற்கும்படி மணிக்கொரு முறை கையைத் தட்டும் கருவியோடு வாழ்ந்தவருக்குத்தான், 2016இல் ஆப்பிள் செய்த மாற்றத்தின் அருமை தெரியும். நாற்காலிப் பயனர்களுக்கு அந்த நினைவூட்டலை நீக்கி, உருட்டிச் செல்ல நினைவூட்டியது. காலடிகளுக்குப் பதிலாகச் சக்கரத்தைத் தள்ளும் அசைவுகளை எண்ணியது. அதற்காகத் தனிக்கருவி எதுவும் வரவில்லை. எல்லாரும் வாங்கும் அதே கடிகாரத்தில் ஓர் அமைப்பு, அவ்வளவே.

ஆனாலும் செழியன் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் தண்டுவடம் முழுமையாகச் சேதமுற்றால் மூளையின் கட்டளை அவற்றை எட்டாது. எவ்வளவு கடுமையாக உழைத்தாலும் துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தாண்டுவது அரிது. என் கருவியோ வயதை வைத்து உச்சத் துடிப்பைக் கணித்துக்கொண்டு, தோள் நடுங்க நான் செய்து முடிக்கும் பயிற்சியை இலேசான அசைவு என்று பதிகிறது.

செழியன்:
நான் அஞ்சுவது இதைத்தான். நம்பத் தகாத எண்ணைத் துல்லியமான எண்போலக் காட்டுவது, காட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல். இத்தகைய உடலியல் கணக்குகளைத் தனிக்கருவிகளிடம் விடுவதே நல்லது.

இளவேனில்:
அந்தத் தனிக்கருவியைச் சிலருக்காக மட்டுமே செய்வார்கள். அதனால் விலை ஏறும், சில ஆண்டுகளில் மென்பொருள் புதுப்பிப்பும் நின்றுபோகலாம். ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, மிகக் குறைந்த மாற்றத்தோடும் மிகக் குறைந்த செலவிலும் எங்களுக்குப் பொருந்தக்கூடிய பொதுப் பொருள்களை ஊக்குவிக்கும்படிதான் நாடுகளைக் கேட்கிறது. உங்கள் பெட்டிக்குள் நான் இடம் கேட்கவில்லை, செழியன். வார் பொருந்தும் முனையைத்தான் கேட்கிறேன். அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வடிவில் இருப்பதால், ஒரு கையால் அணியத்தக்க வாரை வெளியார் செய்தாலும் அது என் கடிகாரத்தில் ஏறுவதில்லை.

செழியன்:
அதை ஏற்கிறேன். வாரைக் கடிகாரத்தோடு இணைக்கும், பொது அளவுள்ள சுருள்வில் ஊசிக்கு ஏற்றபடி அந்த முனையை அமைத்தால் உள்ளே எதையும் இழக்க வேண்டியதில்லை. காந்தப் பூட்டுள்ள வார்கள் திசைகாட்டி உணரியைக் குழப்பக்கூடும். எனவே நீட்சி வாரோ ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வாரோ ஏற்றவை. இதயத்துடிப்புக் கணக்கில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

அருள்நம்பி:
அதற்கும் புதிய உணரி வேண்டியதில்லை. மருத்துவர் சோதித்துச் சொன்ன உச்சத் துடிப்பை நானே உள்ளிடுவதற்கு ஒரு கட்டம் போதும். சில கருவிகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. என்னுடையதில் வயதைக் கேட்கும் கட்டம் மட்டுமே இருக்கிறது.