புதுப்பிப்பு: டர்பன் ஸ்டேஷன் மாதிரியில் விளக்கு எரிகிறது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பழைய ரயில்வே ஸ்டேஷனின் சின்ன மாதிரியில் ஐந்து வெள்ளை எல்.ஈ.டி.களைத் தொடராக (ஒன்றன் பின் ஒன்றாக) கோத்து 12 வோல்ட் கொடுத்தும் எரியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும்; ஐந்துக்கு 15. கோளாறு அங்கேதான். யோசனை சொன்னவர்களில் பீனிக்ஸ் அண்ணன் சொன்னபடி பக்க இணைப்பாக (ஒவ்வொன்றுக்கும் நேராக 12 வோல்ட் போகும்படி) மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனியாக கரன்டைக் கட்டுப்படுத்தும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஐந்தும் எரிந்தன. ஆனால் பிளாட்பாரம், ராத்திரி மேட்ச் நடக்கும் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானம் மாதிரி பளீரென்று இருந்தது! 4.7 கிலோ ஓம் போட்டதும் கரன்ட் 9 மில்லிஆம்பியரிலிருந்து ஏறக்குறைய 2க்கு இறங்கியது. அந்தக் காலத்து மங்கல் வெளிச்சம் வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: உள்ளிருந்த வெளிச்சம் ஊடுருவி, பிளாஸ்டிக் சுவரே விளக்காக ஒளிர்ந்தது. அப்புறம் உள்பக்கம் இரண்டு முறை கறுப்பு பெயின்ட் அடித்தேன். இப்போது ஜன்னலில் மட்டும் வெளிச்சம்.