சுத்தியல் தழும்பு விழுந்த மாவுத் தொட்டி: உங்கள் அனுபவம் என்ன?

துவாஸ் இரவுப்பணி:

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் கேக், பஜ்ஜி, ரொட்டி என்று பலவகைக் கலவை மாவு தயாரிக்கும் ஆலையொன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஸ்பேனர் தருவார்கள் என்று கை நீட்டினால், முதல் இரவு மேற்பார்வையாளர் ஒரு ரப்பர் சுத்தியலைக் கொடுத்தார். "மாவு இறங்காவிட்டால் இங்கே நான்கு தட்டு" என்று தொட்டியின் கூம்பைக் காட்டினார். எனக்கு முன்பிருந்தவர்கள் ரப்பரோடு நிறுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த எஃகுத் தொட்டி அம்மை வார்த்த முகம் போலக் குழிகுழியாக இருந்தது.

இயந்திரம் எளிமையானதுதான். மேல்தளத்தில் 25 கிலோ மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் ஒரு ஸ்க்ரூ சுழன்று மாவைக் கலவை இயந்திரத்துக்குத் தள்ளும். இதில் என்ன தகராறு வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

சென்ற மாதம் ஒருநாள், விடிகாலை மூன்று மணி. ஸ்க்ரூ சுழல்கிறது, மாவு வரவில்லை. தட்டினேன், வரவில்லை. மேலே ஏறிப் பார்த்தால் தொட்டி நிறைய மாவு இருக்கிறது. அடியிலோ வெற்றிடம். பாலம் கட்டிவிட்டது என்பார்கள் எங்கள் ஆட்கள். இறங்கி வந்து ஓங்கி ஒன்று வைத்தேன். பாலம் இடிந்தது. விழுந்த வேகத்தில் காற்றை உள்வாங்கிக்கொண்ட மாவு தண்ணீராகவே மாறிவிட்டது. ஸ்க்ரூவை நிறுத்திய பிறகும் அதன் சுருள்களுக்கிடையே வழிந்து வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம் பட்டினி கிடந்த கலவை இயந்திரத்துக்கு அரை நிமிடத்தில் விருந்து! நிரம்பி, மூடியைத் தாண்டித் தரையெல்லாம் மாவு. விடியும்வரை பெருக்கினோம். விடுதிக்குப் போகும் பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

மாவோடு மல்லுக்கட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். சுத்தியலைத் தவிர வேறு வழி உண்டா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

தேக்கா அக்கா:

தம்பி, எனக்குத் தெரிந்த மாவுத் தொட்டி கஃப் ரோட்டு மில்லில் இருந்த தகரத் தொட்டி ஒன்றுதான். ஆனால் நீங்கள் சொன்னதும் காதில் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போவார். கழுவி நிழலில் உலர்த்திய அரிசி ஒரு பையில், வறுத்த உளுந்து இன்னொரு பையில். வரிசை தெருவரைக்கும் நிற்கும். மில்காரர் கையில் எப்போதும் ஒரு மரக்கட்டை இருக்கும். தொட்டியின் வயிற்றில் டொக் டொக் என்று தட்டுவார். இன்னொரு கை அடியிலிருந்த தகட்டை நூலளவு இழுத்துவிட்டு, நூலளவு மூடும். அவர் தொட்டியைப் பார்க்கவே மாட்டார், வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பார். மோட்டார் முனகினால் மட்டும் கை தானாகத் தகட்டை மூடும்.

மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நின்றுவிட்டால், அடுத்தவரை முன்னே விட்டுவிடுவார். ஒரு வருடம் கூட்டத்தில் அது முடியவில்லை. மில்காரர் இரண்டு கைப்பிடி அரிசியை ஓட்டி, அந்த மாவைக் கீழே கொட்டினார். சுத்தமாகிவிட்டது என்றார். வீட்டுக்கு வந்து பிழிந்த முறுக்கு இளஞ்சிவப்பாக இருந்தது, அடித்தொண்டையில் எரிந்தது. அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. அண்டை வீடுகளுக்கெல்லாம் "இந்த வருடம் கார முறுக்கு" என்று கொடுத்தனுப்பினார். மறு வருடம் இரண்டு வீட்டில் அதையே கேட்டார்கள்.

யீஷூன் பெரியவர்:

மகள் வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருப்பவன் நான். திருச்சிப் பக்கம் கோதுமை ரோலர் மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இந்த ஊருக்கு வந்த புதிதில் கெப்பல் துறைமுகப் பக்கம் அந்த உயரமான தானியக் கிடங்கைப் பார்த்துவிட்டு மருமகனிடம் விசாரித்தேன். 1961-ல் தொடங்கிய பிரைமா நிறுவனத்தின் மில் என்றார். 1977-ல் அந்தக் கிடங்கின் உச்சியிலேயே சுழலும் உணவகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். கோதுமை விளையாத ஊரில் கோதுமைக்குத் தலைக்குமேல் மரியாதை!

தேக்கா அம்மா சொன்ன மில்காரரின் காது இருக்கிறதே, அதுதான் மில்காரனுக்குச் சொத்து. எங்கள் மில்லில் கோதுமையை முதன்முதலில் உடைக்கும் உருளைகள் இரண்டும் வரி வெட்டியவை. ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகத்தில் சுழலும். வேக வித்தியாசம்தான் கோதுமையைப் பிளந்து திறக்கிறது. ஆனால் அந்த உருளைகளுக்குமேல் சின்னதாக ஒரு ஃபீட் ரோல் சுற்றிக்கொண்டிருக்கும். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு மீட்டர் நீள உருளை முழுவதும் கோதுமையைத் திரைச்சீலை போல ஒரே கனத்தில் விரித்து விடுவது அதன் வேலை. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் விழுந்தால் நடுவில் நொறுங்காது, ஓரத்தில் தவிடு பொடியாகி மாவு கறுக்கும். தானியம் நின்றுபோனால் உருளைகள் தானாக விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் எஃகோடு எஃகு உரசும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டிருக்கிறேன். உருளைகளைக் கழற்றி, மறுபடி வரி வெட்டுவதற்கு அனுப்பினோம். முதலாளி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

தம்பி, சுத்தியலைக் கீழே வை. நீ அடிக்கும் ஒவ்வொரு அடியும் கூம்பின் உட்பக்கம் ஒரு மேடு. வழுக்கி இறங்க வேண்டிய மாவு அதில் தொற்றிக்கொள்ளும். இன்று இறங்க அடித்த அடி நாளைக்கு இறங்காமல் செய்யும். உன் ஸ்க்ரூவில் சுருளுக்குச் சுருள் இடைவெளி எவ்வளவு என்று அளந்து சொல்.

பிடோக் பிராட்டா கடை:

எனக்கு இயந்திரம் தெரியாது. இருபது வருடமாகக் கையில் பிராட்டா (பரோட்டா) வீசுகிறேன். ஒரே ஒரு கேள்வி. முன்பு உப்பும் சர்க்கரையும் கலந்தே வரும் கலவை மாவு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மூட்டை சரியாக இருக்கும், அடுத்தது உப்புக் கரிக்கும். விற்பவரிடம் கேட்டால், கணினிதான் எடை போடுகிறது, தவறவே தவறாது என்றார். கணினிக்கு நாக்கு உண்டா?

செனோக்கோ தரச்சோதனை:

பிராட்டா அண்ணன் சொன்ன கரிப்பு எனக்கு மிகவும் பழக்கம். நீங்கள் வாங்கிய இடத்தை எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் ஆலையிலேயே நடந்தது. எடையில் தவறில்லை. உப்பு சரியான அளவு உள்ளே போயிருந்தது. போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

எங்களுடையது ரிப்பன் கலவை இயந்திரம். படுத்த தொட்டிக்குள் ஒரே தண்டில் இரண்டு சுருள் பட்டைகள்: வெளிப்பட்டை மாவை ஒரு பக்கம் தள்ளும், உட்பட்டை எதிர்ப்பக்கம் தள்ளும். எங்கள் ஆட்கள் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று உப்பை முதலில் கொட்டிவிடுவார்கள். அடியில் மாவு வெளியேறும் கதவுக்குமேல் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. உப்பு நேராக அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரிப்பன் அதைத் தொடாது. கதவைத் திறந்ததும் முதல் மூட்டைக்கு அத்தனை உப்பும்! அதற்குப் பிறகு பாதி மாவு, பிறகு உப்பும் சர்க்கரையும், பிறகு மீதி மாவு என்று வரிசையை மாற்றினோம். முதலில் வெளியேறும் சில கிலோவைப் பிடித்து மறுபடி மேலே கொட்டச் சொன்னோம். கரிப்பு நின்றது.

நின்றது என்று நினைத்தோம். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே ஆர்டர் குவிந்தபோது, ஒரு தடவைக்கு இரண்டு மூட்டை கூடுதலாகக் கொட்ட ஆரம்பித்தார்கள். ரிப்பனின் மேல்விளிம்பு மாவுக்கு வெளியே தலைகாட்ட வேண்டும். முழுகிவிட்டால் மேலே கிடக்கும் மாவு சும்மா சவாரி செய்யும். பத்து இடங்களில் மாதிரி எடுத்து உப்பை அளந்தேன். எண்கள் தாறுமாறாக இருந்தன. இன்னும் நேரம் கலக்கு என்றார் மேலாளர். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சர்க்கரை பருமணி, மாவு நுண்தூள். நன்றாகக் கலந்த கலவைகூட உயரமான தொட்டியில் விழும்போது மணிகள் உருண்டு ஓரத்துக்கும், தூள் நடுவிலும் பிரிந்துவிடும். கலப்பதைவிடக் கலந்ததைக் கலையாமல் காப்பது கடினம் என்று மேலாளருக்குப் புரியவைக்க எனக்கு மூன்று கூட்டம் ஆயிற்று.

துவாஸ் தம்பிக்கு ஒரு சொல்: மாவு ஏன் பாலம் கட்டுகிறது என்பதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஆண்ட்ரூ ஜெனிகே. 1960-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு அது. தொட்டியின் அடிவாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், சுவர் எவ்வளவு செங்குத்தாக, எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதை மாவை அழுத்தி, வெட்டிச் சோதித்தே சொல்லிவிடலாம். சுத்தியல் அந்தக் கணக்கில் இல்லை.

காற்றுக்குழாய்க்காரர்:

மாவு இறங்கட்டும் என்று தொட்டிச் சுவரில் காற்று ஊதும் திண்டு வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வைத்தோம். அழுத்தக்காற்று உலர்த்தியின் வடிகால் அடைத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் அப்படியே தொட்டிக்குள் போயிற்று. மறுநாள் உள்ளே மாவு இல்லை, பசை இருந்தது. போஸ்டர் ஒட்டலாம்.

வேலையிடப் பாதுகாப்பு:

எல்லாரும் சிரித்துப் பேசுகிறீர்கள், பேசுங்கள். எனக்கு இரண்டு விஷயம் தொண்டையில் நிற்கிறது.

ஒன்று, என் பழைய வேலையிடத்தில் நண்பர் ஒருவர். தொட்டிக்கு அடியில், மாவை அளவாக வெளியே விடச் சுழலும் இதழ்வால்வு அடைத்துக்கொண்டது. சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கையை விட்டார். அணைத்த பிறகும் இதழ்கள் ஓரிரு சுற்றுச் சுற்றும் என்பதை மறந்துவிட்டார். விரல் நுனி போயிற்று. பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இதழ் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகும்கூடக் கையை விடாதீர்கள், குச்சியை விடுங்கள்.

இரண்டு, தரையில் கொட்டிய மாவு. 2021 பிப்ரவரி 24 துவாஸ் விபத்து உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணெயால் சூடேற்றும் கலவை இயந்திரம் ஒன்றின் உறை வெடித்தது. அதையடுத்து உருளைக்கிழங்கு மாவுத்தூள் காற்றில் கிளம்பிப் பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தார்கள். கோதுமை மாவு மட்டும் சாது என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போடுகிறேன். தரையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மாவு படிந்திருக்கிறது, கூரை 5 மீட்டர் உயரம். அந்த மாவு முழுவதும் எழும்பிப் பரவினால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 100 கிராம். கோதுமை மாவு 60 கிராமை ஒட்டிய அளவிலேயே வெடிக்கத் தயார். தரையில் உங்கள் காலடித் தடம் தெரிந்தால் வேலையை நிறுத்துங்கள். அழுத்தக்காற்றால் ஊதிச் சுத்தம் செய்வது, நெருப்புக்கு இலை போட்டுப் பரிமாறுவது. துவாஸ் தம்பி, அன்று விடியும்வரை எதைக்கொண்டு சுத்தம் செய்தீர்கள்?

துவாஸ் இரவுப்பணி:

துடைப்பத்தால் பெருக்கினோம், அண்ணன். மூலைகளில் காற்றால் ஊதினோம். நான்தான் ஊதினேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. மாவுத்தூளுக்கென்று செய்த உறிஞ்சியை வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுத்தியல் வேண்டாம் என்றதும் மேற்பார்வையாளர் ஓர் அதிர்வு மோட்டாரை வாங்கிக் கூம்பில் மாட்டினார். மூன்று நாள் அருமையாக இறங்கியது. நான்காம் நாள் ஸ்க்ரூ நின்றிருந்தபோதும் அதிர்வை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளியேற வழியில்லாமல் அதிர்ந்த மாவு செங்கல்லாக இறுகிவிட்டது. ஸ்க்ரூ ஓடும்போது மட்டும் அதிர்வு ஓடும்படி இப்போது மின்னிணைப்பை மாற்றிவிட்டேன்.

பெரியவர் கேட்டதை ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் நின்றிருந்தபோது செய்தேன். பூட்டுப் போட்டு, சாவி என் பையில். சுருளுக்குச் சுருள் இடைவெளி முதலிலிருந்து கடைசிவரை ஒரே 100 மில்லிமீட்டர்.

யீஷூன் பெரியவர்:

நினைத்தேன். பின்பக்கத்து முதல் சுருளிலேயே ஸ்க்ரூ நிரம்பிவிடும். முன்னால் வர வர அதற்கு இடமே இல்லை, அங்கே இருக்கும் மாவை எப்படி வாங்கிக்கொள்ளும்? போகப் போக இடைவெளி அகல வேண்டும். முன்பக்கத்து மாவை வாரிப் பார்த்தாயா?

துவாஸ் இரவுப்பணி:

பார்த்தேன், ஐயா. பின்பக்கம் வெள்ளை மாவு. முன்பக்கம் சுவரோடு ஒட்டி ஒரு பலகை போல இறுகிக் கிடந்தது. சுரண்டினால் பழுப்பு நிறம், வண்டு, வலை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே கொட்டியதாக இருக்க வேண்டும். வெளியே வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன். தழும்புகள் எல்லாம் முன்பக்கத்தில்தான் இருந்தன. கைக்கு எட்டுகிற பக்கம் அதுதானே.

ஜொகூரில் ஒரு பட்டறை, இடைவெளி அகன்றுகொண்டே போகும் ஸ்க்ரூவுக்கு விலை கொடுத்திருக்கிறது. காகிதம் மேலாளர் மேசையில் இருக்கிறது. அந்தப் பழுப்பு மாவை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அதன்மேல் வைத்துவிட்டு வந்தேன்.