ஆஸ்லோ குளிரில் சைக்கிளில் வேலைக்கு: 106 ஆணியா, 240 ஆணியா?

கேள்வி (ஆஸ்லோ, புதிதாக வந்தவர்):
வீடு ஸ்டொவ்னர் பக்கம், ஆபீஸ் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே. சைக்கிள் டயரில் 37-622 என்று இருக்கிறது. குளிர்காலத்துக்கு "பிக்டெக்", அதாவது ஆணி டயர், போடச் சொல்கிறார்கள். கடையில் 106 ஆணி ஒன்று, 240 ஆணி ஒன்று. விலையில் நல்ல வித்தியாசம். எதை வாங்குவது? இரண்டு சக்கரத்துக்கும் வேண்டுமா?

பதில் (ஆஸ்லோ):
240 வாங்குங்க. 106-ல் ஆணி இரண்டே வரிசை. 240-ல் நாலு வரிசை, வெளி வரிசை இரண்டும் டயரின் தோள்பட்டையில் இருக்கும். காசு அந்தத் தோள்பட்டை ஆணிக்குத்தான்.

மைனஸ் 15 நாளைப் பார்த்துப் பயப்படாதீங்க. அன்னைக்குப் பனி காய்ஞ்சு கிடக்கும், மிதிச்சா நறநறன்னு சத்தம் வரும், சாதா டயரே ஓரளவு பிடிக்கும். பகலில் பிளஸ் 2, ராத்திரி மைனஸ் 4ன்னு ஆடுற வாரம்தான் ஆளைக் கவிழ்க்கும். சாயங்காலம் கஞ்சி மாதிரி இளகின பனியில செருப்புத் தடம், சக்கரத் தடம், நாய்க்கால் தடம் எல்லாம் பதியும். காலையில அது அத்தனையும் கல்லா இறுகிக் கிடக்கும். முன்சக்கரம் அந்தப் பள்ளத்தோட சரிவுல ஏறும்போது தரையைத் தொடுறது டயரோட நடுப்பகுதி இல்லை, ஓரம். ஓரத்துல ஆணி இல்லைன்னா சக்கரம் பக்கவாட்டில வழுக்கிடும். வழவழன்னு சமமா இருக்கிற ஐஸ்ல நேரா போக 106 போதும். ஸ்டொவ்னர்ல இருந்து இறங்கி வர்ற பாதையில அப்படிச் சமமான ஐஸ் கிடைக்கிறது அபூர்வம்.

ஆணி எதுல செஞ்சதுன்னு பாருங்க. நுனி டங்ஸ்டன் கார்பைடா இருக்கணும். ஆணியோட நடுவுல ஒரு சின்னப் புள்ளி தனியாத் தெரியும், அதுதான் கார்பைடு. வெறும் இரும்பு ஆணி வெறும் தார் ரோட்டுல சீக்கிரம் மழுங்கிடும். இங்கே முக்கியமான சைக்கிள் பாதைகளைப் பிரஷ் வண்டி வச்சுப் பெருக்கி உப்பு போடுறாங்க. அதனால பாதி தூரம் தார்லதான் ஓட்டுவீங்க. நோக்கியன் ஹக்கப்பெலிட்டா டபிள்யூ240, ஷ்வால்பே மாரத்தான் வின்டர் பிளஸ், ரெண்டுமே கார்பைடு, ரெண்டுமே நாலு வரிசை.

காத்து விஷயம். டயர் ஓரத்துல குறைந்தபட்சம், அதிகபட்சம் ரெண்டும் அச்சடிச்சிருக்கும். அதிகமா அடிச்சா டயர் உருண்டு நிக்கும், நடு வரிசை மட்டும் தொடும். தார் ரோட்டுக்கு அது வேகம். ஐஸ் நாளில் குறைந்தபட்சத்துக்குக் கொஞ்சம் மேலே வைங்க, தோள்பட்டை ஆணியும் இறங்கும். ஒரு கணக்கு: 20 டிகிரி வீட்டுக்குள்ள 3 பார் (காத்தழுத்த அளவு) அடிச்சா, மைனஸ் 10ல வெளியே அது சுமார் 2.6 பார்தான். பஞ்சர்னு நினைச்சு ட்யூபைக் கழட்டிடாதீங்க.

ஒரே ஒரு டயருக்குத்தான் காசுன்னா முன்சக்கரத்துக்குப் போடுங்க. பின்சக்கரம் வழுக்கினா வால் ஆடும், சமாளிச்சுக்கலாம். முன்சக்கரம் வழுக்கினா சமாளிக்க நேரமே இருக்காது.

பதில் (ஆஸ்லோ, இன்னொருவர்):
தம்பி, வாங்க முதல் அளவைப் பாருங்கோ. 28 எண்டு கேட்டு வாங்காதேங்கோ. ஊரில ஓடின 28 × 1½ ரலி சைக்கிளின்ர ரிம் விட்டம் 635 மில்லிமீற்றர். இஞ்சை 28 எண்டு விக்கிறது 622. ரெண்டும் ஒண்டுக்கொண்டு கொழுவாது. ரயரில இருக்கிற 622 எண்ட இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கோ. முன்னுக்கு இருக்கிற 37 அகலம். டபிள்யூ240 வாறது 40 அகலத்தில, அதுக்கு மேல ஆணியும் நீட்டிக்கொண்டிருக்கும். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில ஆகக் குறைஞ்சது 6 மில்லிமீற்றர், 10 இருந்தால் நல்லம். இல்லாட்டி ஈரப்பனி உள்ளுக்கை அடைஞ்சு இறுகி, சக்கரத்தைப் பிடிச்சு நிப்பாட்டிப்போடும். பின்பக்கம் ரெண்டு சட்டத்துக்கும் இடையில ஆக ஒடுக்கமான இடத்தையும் அளந்து பாருங்கோ. 40 போகாட்டி மாரத்தான் வின்டர் பிளஸ் 35 அகலத்திலயும் வருது.

கொழுவுறது கையைக் கடிக்கிற வேலை. விளிம்புக்குள்ள கம்பி இருக்கு, குளிரில இருந்து எடுத்த உடனை வளையாது. ஒரு இரவு வீட்டுக்குள்ள வைச்சிட்டுத் தொடங்குங்கோ. தடிச்ச கையுறை கட்டாயம். ரயர் பக்கத்தில சுத்துற திசைக்கு ஒரு அம்புக்குறி இருக்கும், அதை முதலே பாருங்கோ. ரியூப்புக்கு வட்டம் வாற அளவுக்கு மட்டும் காத்தடிச்சு உள்ளுக்கை வையுங்கோ. வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வடியில முடியுங்கோ. ஏற்கனவே உள்ள போன விளிம்பை ரிம்மின்ர நடுப்பள்ளத்துக்குள்ள தள்ளித் தள்ளி வந்தால், கடைசி ஒரு சாண் தளர்ந்து குடுக்கும். அப்பிடியும் வராட்டி பிளாஸ்ரிக் நெம்பு. இரும்பு நெம்பு ரியூப்பைக் கிழிக்கும். பிறகு வால்வை ஒருக்கா உள்ளுக்கை தள்ளி இழுத்து, ரியூப் நசியேல்லை எண்டு பாத்துட்டு அடியுங்கோ. ரயரில ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுத்திவர ஒரே இடைவெளியில தெரியவேணும். ஒரு இடத்தில தாண்டு போனால் காத்தை விட்டு, சவுக்காரத் தண்ணி தடவி, திருப்பி அடியுங்கோ.

ஐப்பசி (ஒக்ரோபர்) கடைசியிலயே போட்டிடுங்கோ. புது ஆணி றப்பருக்குள்ள இறுகி இருக்க 40, 50 கிலோமீற்றர் காய்ஞ்ச தார் றோட்டில மெதுவா ஓடவேணும். இழுத்து மிதிக்கிறது, சடாரெண்டு பிறேக் பிடிக்கிறது ரெண்டும் அதுவரைக்கும் கூடாது. முதல் நாளே ஐஸில விழுந்தடிச்சு ஓடினால் ஆணி ஆடிக் கழண்டு போகும். ரெண்டு மூண்டு போனால் பரவாயில்லை. தனி ஆணியும் அதைக் குத்துற கருவியும் விக்கிறாங்கள். ஓட்டைக்குச் சவுக்காரத் தண்ணி ஒரு சொட்டு விட்டு நேராக் குத்தினால் சரி.

பதில் (ஓலு, பின்லாந்து):
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலில் 2013-ல் நடந்த ஊர் இது. இங்கே பாதையில் பனியை முழுதாக வழிக்காமல் அழுத்தி விடுகிறார்கள். வாரக்கணக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இருப்பதால் அது இளகுவதில்லை. சாதா டயரில் போகிறவர்கள் நிறையப் பேர். ஆஸ்லோவுக்கு 240 சரி. இதைப் படிக்கும் மற்றவர்கள், கடைக்குப் போகும் முன் உங்கள் ஊர் வெப்பநிலை பூஜ்ஜியத்தை எத்தனை தடவை கடக்கிறது என்று பாருங்கள். இளம் பழுப்புச் சர்க்கரை மாதிரி உதிர்ந்து கிடக்கும் பனியில் ஆணி எதுவும் செய்யாது, கடிக்க அங்கே ஐஸ் இல்லை. அங்கே வேலை செய்வது டயரின் அகலமும், அதன் மேல் உயரமாகத் துருத்தும் ரப்பர் பட்டன்களும்.

கடுங்குளிரில் டயரை விட ஃப்ரீவீல்தான் தொல்லை. பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. உள்ளே ஈரம் உறைந்தோ, கிரீஸ் கெட்டியாகியோ பல் ஒட்டிக்கொண்டு வெளியே வராததுதான் காரணம். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீரும் உறையும். ஓர் இரவு முழுக்க உள்ளே வைத்துக் காயவிடுங்கள். தினமும் அரை மணி உள்ளே, பிறகு வெளியே என்று மாற்றினால் உருகுவதும் உறைவதும் மாறி மாறி நடக்கும். ஒன்று எப்போதும் குளிரில், இல்லையென்றால் முழுதாகக் காயும்வரை வெதுவெதுப்பில். மின்சார சைக்கிள் என்றால் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போங்கள். அது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே சார்ஜ் போடவேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் பழுதாகும்.

பதில் (ஆஸ்லோ, முதலில் எழுதியவர்):
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. ஆணி ஐஸைக் கடிக்கும், இரும்பைக் கடிக்காது. டிராம் தண்டவாளம், சாக்கடை மூடி, பாலத்து இணைப்புத் தகடு இதுல எல்லாம் ஆணி டயர் சாதா டயரை விட மோசம். தண்டவாளத்தை முடிஞ்சவரை குறுக்கா, நேரா வெட்டிக் கடங்க. அதுமேல இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பாதீங்க, பிரேக்கும் பிடிக்காதீங்க. வீட்டு மாடிப்படி, டைல்ஸ் தரையும் அப்படித்தான். மரத் தரைன்னா கோடு விழும், வாடகை வீட்டுல அது உங்க அட்வான்ஸ்.

இன்னொண்ணு, டயர் பிடிக்கும், ஷூ பிடிக்காது. வழியெல்லாம் ஒண்ணும் ஆகாம வந்து சிக்னல்ல காலை ஊன்றும்போதுதான் பலர் விழறாங்க, ஏன்னா காலுக்குக் கீழே ஐஸ் இருக்கிறதே அதுவரை தெரியாது. சீட்டை ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் இறக்கி, பாதம் முழுசா படியற மாதிரி வைங்க. நிக்கிறதுக்கு முன்னாடி உப்போ பொடிக்கல்லோ போட்ட இடமாப் பார்த்து நில்லுங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பொடிக்கல்லால் பஞ்சர் ஆகுமா? இந்த டயரை எத்தனை வருஷம் ஓட்டலாம்?

பதில் (ஆஸ்லோ, இன்னொருவர்):
ஆகும் தம்பி, அதுவும் பனி கரையிற நேரம் கூட. கூரான உடைகல்லு முழுக்கப் பாதையில மிஞ்சிக் கிடக்கும். ரியூப் ஒண்டும் சின்னப் பம்ப் ஒண்டும் பையில இருக்கட்டும். வெறுங்கையால குளிரில ரயரைக் கழட்டேலாது, கையுறையோடை ஒருக்கா வீட்டில பழகிப் பாருங்கோ. உப்புத் தண்ணி செயினைத் தின்னும். கிழமைக்கு ஒருக்காத் துடைச்சு, ஈரத்துக்கெண்டு விக்கிற தடிச்ச எண்ணெய் விடுங்கோ.

கார்பைட் ஆணி எண்டால் பல குளிர்காலம் வரும். பின்சக்கரத்து ஆணிதான் முதல்ல தேயும், மிதிக்கிற பலம் முழுக்க அங்கைதானே போகுது. இலைதுளிர் காலத்தில கழட்டேக்கை "முன்", "பின்" எண்டு சோக்கால எழுதி, மடிக்காம, வெயில் படாத இடத்தில தொங்க விடுங்கோ. அடுத்த முறை எடுக்கேக்கை ரெண்டையும் விரலால தடவிப் பாத்து, கூரா இருக்கிறதை முன்சக்கரத்துக்குப் போடுங்கோ. அம்புக்குறி போன வருசம் இருந்த திசையிலயே இருக்கவேணும். மாத்திப் போட்டால் ஒரு பக்கம் சாஞ்சு பழகின ஆணி மற்றப் பக்கம் ஆடத் தொடங்கும்.